பூசுவது பாதி, வழிப்பது மீதி

ஒரு பயில்வானின் உடம்பிலிருந்து வழித்தெடுத்த அழுக்கு என்ன விலை போகும்?

'சீ!' என்று அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடாதீர்கள். 80,000 செஸ்டர்ஸ் போயிருக்கிறது. ப்ளினி என்கிற ரோமாபுரிப் பெரியவர், சகல கெட்ட பழக்கங்களுக்கும் கிரேக்கர்கள்தான் மூல காரணம் என்று கரித்துக் கொட்டிவிட்டு, அதே மூச்சில் இந்தத் தொகையையும் எழுதி வைத்திருக்கிறார். கிரேக்க ஜிம்னாஸியங்களுக்குப் பொறுப்பானவர்கள் அழுக்கை விற்றே அவ்வளவு பார்த்தார்களாம். ப்ளினி கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது போய்ச் சேர்ந்தார். அவர் காலத்து ரோமானியச் சிப்பாயின் வருஷச் சம்பளம் 900 செஸ்டர்ஸ். வகுத்துப் பாருங்கள். 88 வருஷச் சம்பளத்துக்கு மேல் வருகிறது. பஞ்சப்படி தனி!

அப்படி என்ன உசத்தி அழுக்கு? ஆலிவ் எண்ணெய், வியர்வை, மைதானத்துப் புழுதி மூன்றும் சேர்ந்த குழம்பு. கிரேக்க இளைஞன் ஜிம்முக்குப் போனால் முதல் காரியமாகத் துணியைக் கழற்றி வைப்பான் ('கிம்னோஸ்' என்றால் அம்மணம்; ஜிம்னாஸியம் என்ற வார்த்தையே அதிலிருந்து வந்ததுதான்). உடம்பு முழுக்க ஆலிவ் எண்ணெயைப் பூசிக்கொள்வான். மேலே பொடி மண்ணைத் தூவிக்கொண்டு குஸ்தி போடுவான், ஓடுவான். எல்லாம் முடிந்ததும் ஒரு வளைந்த உலோகத் தகட்டை எடுத்துத் தோள், கை, தொடை என்று வரிசையாக வழித்துப் போடுவான். அந்தத் தகட்டுக்கு ஸ்ட்ரிஜில் என்று பெயர். காலையில் நாக்கு வழிக்கிறோமே, அந்தத் தகட்டுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயோடு அழுக்கும் செத்த தோலும் வந்துவிடும். அதற்கப்புறம்தான் தண்ணீர்.

இந்தக் காட்சிக்கு அவர்கள் சிலையே வைத்திருக்கிறார்கள். தன் கையைத் தானே வழித்துக்கொள்ளும் இளைஞனை லிசிப்பஸ் என்ற சிற்பி வெண்கலத்தில் வடித்தார். அதன் ரோமானியப் பளிங்கு நகல் வாட்டிகன் மியூசியத்தில் இருக்கிறது. 1996-ல் குரோஷியாவில் லோஷின் தீவுப் பக்கம் கடலுக்கடியில் ஒரு வெண்கலப் பையன் கிடைத்தான். அவனும் வழித்தெடுக்கும் போஸில்தான் நிற்கிறான். வழிக்கிற காட்சிக்கும் சிலை வைத்திருக்கிறார்கள் பாருங்கள். அதில் விஷயம் இருக்கிறது. அப்புறம் வருகிறேன்.

வழித்த குழம்புக்கு 'க்ளோயோஸ்' என்று பெயர். சுளுக்கு, மூட்டு வலி, வெளியில் சொல்லிக்கொள்ள முடியாத இடத்து வீக்கம் எல்லாவற்றுக்கும் அதை மருந்தாகப் பூசினார்கள். பெரோயா ஊர் ஜிம்னாஸியத்தின் சட்டதிட்டங்கள் கல்வெட்டாகவே கிடைத்திருக்கின்றன. கி.மு. 2-ம் நூற்றாண்டு. (பைபிள் படித்தவர்களுக்குப் பரிச்சயமான அதே பெரோயாதான்.) அதில், இந்த அழுக்கு வருமானத்தைக் குத்தகைக்கு விடுவது எப்படி என்று ஒரு விதியே இருக்கிறது. நம்மூரில் சைக்கிள் ஸ்டாண்டை ஏலம் விடுகிற மாதிரி!

எண்ணெய்க்கு இருந்த மரியாதையைக் கேட்டால் இதெல்லாம் ஆச்சரியமாக இருக்காது. ஏதென்ஸில் நடந்த பானதினேயா விளையாட்டு விழாவில் கப், மெடல் எல்லாம் கிடையாது. ஜாடி ஜாடியாக ஆலிவ் எண்ணெய்தான் பரிசு. கி.மு. 4-ம் நூற்றாண்டுப் பரிசுப் பட்டியல் ஒன்றில், ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்த சிறுவனுக்கு 50 ஜாடி போட்டிருக்கிறது. ஒரு ஜாடி 35 முதல் 40 லிட்டர் பிடிக்கும். 1,750 லிட்டருக்குக் குறையாமல் எண்ணெயோடு ஒரு பொடியன் வீடு திரும்பினால் அவன் அம்மா எங்கே கொண்டு வைத்திருப்பாள்? விற்றிருப்பாள். விற்கத்தான் கொடுத்ததே.

ரோமானியர்கள் இந்தப் பழக்கத்தை அப்படியே குளியல் மண்டபத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே ஒரு சிக்கல். கை, கால் ஓகே. முதுகை யார் வழிப்பது? பணக்காரனுக்கு அடிமை உண்டு. இல்லாதவனுக்கு? ஹாட்ரியன் சக்ரவர்த்தி (கி.பி. 117-138) பொதுக் குளியலறைக்குப் போனபோது, தன் படையில் இருந்த பழைய சிப்பாய் ஒருவர் பளிங்குச் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். "ஏன்யா?" என்று விசாரித்தார். "வழித்துவிட ஆள் இல்லை" என்றார் சிப்பாய். மனசு இளகி, சில அடிமைகளையும் அவர்களுக்குச் சாப்பாட்டுச் செலவையும் கொடுத்துவிட்டுப் போனார். செய்தி பரவியது. அடுத்த தடவை சக்ரவர்த்தி வந்தபோது ஒரு பெரிய கிழவர் கூட்டமே சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றது. ஹாட்ரியன் எல்லோரையும் கூப்பிட்டு, "ஒருத்தருக்கொருத்தர் தேய்த்துவிட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டாராம். இலவசத் திட்டங்களின் சரித்திரத்தில் இது ஒரு முக்கியமான அத்தியாயம்.

இந்தக் கதையையெல்லாம் நான் துருவிக்கொண்டிருந்ததற்குக் காரணம், கல்யாணம் நிச்சயமான ஒரு நண்பர். "ஸார், ஆலிவ் ஆயில் வாங்கிட்டேன். ராத்திரி முகத்துல பூசிட்டுப் படுத்தா காலைல பளபளன்னு ஆயிடுமாமே? ரோம்ல, கிரீஸ்ல எல்லாம் அப்படித்தானாமே?"

"எது பளபளன்னு ஆகும், முகமா தலகாணி உறையா?"

"விளையாடாதீங்க ஸார். முழுக்க நேச்சுரல். ரெண்டாயிரம் வருஷமா பூசறாங்க."

"வாஸ்தவம். பூசினதோட நிறுத்திக்கலை. ரெண்டாயிரம் வருஷமா வழிச்சும் போட்டாங்க. நீங்க பாதி பாரம்பரியத்தைத்தானே வாங்கிட்டு வந்திருக்கீங்க?"

நண்பர் முகத்தில் ஏற்கெனவே நாலைந்து பரு. கல்யாணத்துக்கு ஒரு மாசம். வீடியோக்காரர் வேறு அட்வான்ஸ் வாங்கியாயிற்று. விளையாட்டு இல்லை.

எண்ணெயைப் பூசி நாள் முழுக்க அப்படியே விட்டுவிடுவதற்கு அந்தக் காலத்திலும் உதாரணம் உண்டுதான். ஆனால் அழகுக்கும் சுத்தத்துக்கும் என்று உடம்பு முழுக்கப் பூசிய பல இடங்களில், எடுப்பதற்கும் ஒரு ஏற்பாடு கூடவே இருந்தது. கிரேக்கனுக்குத் தகடு. நம்மூர் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குச் சீயக்காய், அரப்பு. சீயக்காயில் இருக்கும் சபோனின் நுரைத்து எண்ணெயைப் பிரித்துக்கொண்டு போகிறது. கண்ணில் பட்டு 'ஐயோ' என்று குதித்தாலும் பாட்டி விடமாட்டாள், இன்னொரு கை போட்டுத் தேய்ப்பாள். பாட்டிக்குப் பாதி வேலையில் நிறுத்துவது பிடிக்காது.

மத்தியதரைக் கடல்காரர்கள் இதில் ஒரு படி மேலே போனார்கள். எண்ணெயை எடுக்க எண்ணெயையே உபயோகித்தார்கள். அதாவது சோப்பு. எண்ணெயோடு காரத்தைச் சேர்த்துக் காய்ச்சினால் சோப்பும் கிளிசரினும் கிடைக்கும். பூசினால் ஒட்டுகிற அதே சாமான், காரத்தோடு சேர்ந்ததும் கட்சி மாறி அழுக்கை அழைத்துக்கொண்டு வெளிநடப்புச் செய்துவிடுகிறது.

சிரியாவில் அலெப்போ என்று ஒரு ஊர். அங்கே ஆலிவ் எண்ணெயையும் லாரல் மரத்துப் பழ எண்ணெயையும் சேர்த்து சோப்பு காய்ச்சுகிறார்கள். ஒலிம்பியாவில் ஜெயித்தவன் தலையில் ஆலிவ் கிரீடம், டெல்ஃபியில் ஜெயித்தவன் தலையில் லாரல் கிரீடம். இரண்டு சாம்பியன்களும் சேர்ந்த சோப்பு! பனிக்காலத்தில் பெரிய அண்டாவில் நாள் கணக்கில் கொதிக்கவிட்டு, பச்சைக் குழம்பை அப்படியே ஹாலில் தரை முழுக்க ஊற்றி ஆறவிடுவார்கள். வெட்டுவதற்குச் சீப்பு மாதிரி பல் வைத்த ஒரு கலப்பை. ஒருத்தர் அதன்மேல் ஏறி நிற்க, மற்றவர்கள் இழுப்பார்கள். கட்டியில் முத்திரை குத்தி, காற்றுப் போகிற மாதிரி இடைவெளி விட்டுக் கோபுரமாக அடுக்கிவைத்து ஆறேழு மாசமாவது காயவிடுவார்கள். வெளியே பழுப்பாகிவிடும், அறுத்துப் பார்த்தால் உள்ளே பச்சை.

2012-லிருந்து 2016 வரை அலெப்போ போர்க்களமாக இருந்தது. சோப்பு காய்ச்சுகிறவர்கள் பலர் துருக்கியில் காஸியான்டெப், மெர்ஸின் என்று ஓடிப்போய் அங்கே அடுப்பை மூட்டினார்கள். 2023 பிப்ரவரியில் பூகம்பம் வந்து அந்தப் பக்கத்தையே உலுக்கியது. அப்படியும் அடுப்பு அணையவில்லை. 2024 டிசம்பரில் அலெப்போ சோப்புக் கலையை யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதே கூட்டத்தில் பாலஸ்தீனத்து நாப்லுஸ் ஊர்ச் சோப்பும் சேர்ந்தது. அது ஆலிவ் எண்ணெய், தண்ணீர், காரம் மூன்றே சாமான். செண்டு கிடையாது, கலர் கிடையாது. அதையும் ஆள் உயரத்துக்கு மேல் கூம்பு கூம்பாக அடுக்கிக் காயவைக்கிறார்கள்.

பிரான்ஸில் 14-ம் லூயி ராஜா 1688-ல் சட்டமே போட்டார்: மார்சேய் பக்கத்துச் சோப்பில் ஆலிவ் எண்ணெயைத் தவிர வேறு கொழுப்பு சேர்க்கக் கூடாது, வெயில் காலத்தில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாசமும் சோப்பு காய்ச்சவே கூடாது. சம்பளத்தோடு லீவா என்பது பற்றித் தகவல் இல்லை.

பூசிவிட்டு விட்டுவிடுகிற உதாரணம் உண்டு என்றேனே, அது கேலன் டாக்டர் உபயம். கி.பி. 2-ம் நூற்றாண்டு. ஆலிவ் எண்ணெயில் தேன்மெழுகை உருக்கி, தண்ணீர் சேர்த்து அடித்து ஒரு களிம்பு பண்ணினார். பூசினால் தண்ணீர் ஆவியாகிச் சில்லென்று இருக்கும். நம் 'கோல்ட் க்ரீம்' அதன் பேரன்தான். பிற்பாடு கம்பெனிகள் ஆலிவ் எண்ணெயை எடுத்துவிட்டு மினரல் ஆயில் போட ஆரம்பித்தார்கள். ஆலிவ் எண்ணெய் நாளானால் சிக்கு வாடை அடிக்கும். மினரல் ஆயில் அடிக்காது. இந்தக் களிம்பில் கேலனே கூட வெறும் எண்ணெயோடு நிறுத்தவில்லை, மெழுகும் தண்ணீரும் சேர்த்திருக்கிறார் என்பதைக் கவனிக்கவும்.

சரி, வழிக்காமல் விட்டால் என்னதான் ஆகும்?

தோலின் மேல்பகுதியைச் செங்கல் சுவர் மாதிரி கற்பனை பண்ணிக்கொள்ளுங்கள். செத்த செல்கள் செங்கல். நடுவே பூச்சு மாதிரி கொழுப்பு. உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகாமலும், வெளியே இருக்கிற வேண்டாத விருந்தாளி உள்ளே வராமலும் இந்தச் சுவர்தான் பார்த்துக்கொள்கிறது. ஆலிவ் எண்ணெயில் 55-லிருந்து 83 சதவிகிதம் வரை ஓலிக் அமிலம். சாப்பிட்டால் நல்ல பிள்ளை. தோலில் நெடுநேரம் உட்கார வைத்தால் அந்தப் பூச்சைத் தளர்த்துகிறது. மருந்தைத் தோல் வழியாக உள்ளே அனுப்ப வழி தேடுகிற ஆராய்ச்சிக்காரர்கள், கதவைத் திறக்க ஓலிக் அமிலத்தைத்தான் கூப்பிடுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சூரியகாந்தி எண்ணெயில் அதிகமாக இருக்கும் லினோலிக் அமிலம் இதற்கு நேர் எதிர். சுவருக்கு அனுகூலமான பார்ட்டி.

இங்கிலாந்தில் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் 19 பேரை வைத்துப் பார்த்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். முன்கையில் தினம் இரண்டு வேளை சில சொட்டு ஆலிவ் எண்ணெய், நாலைந்து வாரம். தோல் சுவர் பலவீனமாகி லேசாகச் சிவந்தது. எக்ஸிமா வந்தவர், வராதவர் இரண்டு தரப்புக்கும் அதே கதி. சூரியகாந்தி எண்ணெய் பூசிய கையில் இந்தச் சேதம் இல்லை. சின்ன ஆராய்ச்சிதான், ஆனால் தலகாணியோடு எண்ணெயில் ஊறப் போகிற மாப்பிள்ளை யோசிக்க இது போதும்.

மாப்பிள்ளைக்காவது வாய் இருக்கிறது, எரிகிறது என்று சொல்வார். சொல்லத் தெரியாத ஒரு ஆசாமி வீட்டில் இருக்கிறான். குழந்தை பிறந்த வீட்டுக்கு மெடிக்கல் ஷாப்பிலிருந்து தகர டப்பாவில் ஆலிவ் எண்ணெய் போவது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. 2016-ல் மான்செஸ்டரில் 115 பச்சைக் குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆலிவ், ஒரு பிரிவுக்குச் சூரியகாந்தி, ஒரு பிரிவுக்கு ஒன்றும் இல்லை. எண்ணெய் பூசிய இரண்டு கூட்டத்துக்கும் தோலில் ஈரம் கூடியிருந்தது, நல்லது. ஆனால் தோல் சுவரின் கொழுப்புப் பூச்சு, பூசாத குழந்தைகளுக்குக் கெட்டிப்பட்ட அளவுக்கு இவர்களுக்குப் படவில்லை. அதனால் டப்பாவைத் தூக்கி எறிய வேண்டாம். உடம்பு பிடித்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் குளிப்பாட்டி எடுக்கிற பாட்டி வைத்தியத்தில் பெரிய பயமில்லை. குளித்தபின் இன்னொரு ரவுண்டு பூசி, துணியைச் சுற்றிவிட்டு, அப்படியே விடுவதுதான் யோசிக்க வேண்டியது. குழந்தையின் கன்னத்திலோ முழங்கை மடிப்பிலோ சிவந்து, சொரசொரவென்று, அரிக்கிற மாதிரி இருந்தால் ஆலிவ் எண்ணெய் வேண்டாம். தோல் டாக்டரிடம் காட்டுங்கள். 'எண்ணெய் போதலை' என்று இன்னும் கொஞ்சம் ஊற்றாதீர்கள்.

அப்புறம் பொடுகு. இதற்கு ஆலிவ் எண்ணெய் தேய்த்து ஊறவைக்கச் சொல்லி செல்போனில் தினம் ஒரு அம்மணி வருகிறாள். பொடுகுக்குப் பின்னால் இருப்பது மலசேஸியா என்ற பூஞ்சை. எல்லார் தலையிலும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. அதற்குத் தீனி கொழுப்பு. பரிசோதனைச் சாலையில் இதை வளர்க்க, தட்டின்மேல் என்ன ஊற்றினார்கள் தெரியுமா? ஆலிவ் எண்ணெய்! கொழுப்பை உடைத்துத் தனக்கு வேண்டியதைச் சாப்பிட்டுவிட்டு, ஓலிக் அமிலத்தை எச்சில் இலை மாதிரி போட்டுவிட்டுப் போகிறது. அது உறுத்தித்தான் சிலருக்குத் தலை அரித்துச் செதில் உதிர்கிறது. தேங்காய் எண்ணெய்க்காரர்கள் சிரிக்க வேண்டாம். அதுவும் அந்தப் பூஞ்சைக்குச் சாப்பாடுதான். பொடுகு இருந்தால் முதலில் நல்ல மருந்து ஷாம்பு, எண்ணெயெல்லாம் பிறகு.

'அப்போ ஆலிவ் எண்ணெயே ஆகாதா?' என்று கேட்கிறீர்கள். யார் சொன்னது? குளிக்கப் போவதற்குக் கால் மணி முன்னால் கை, கால், குதிகால், முழங்கை என்று வறண்ட இடங்களில் தேய்த்துக்கொள்ளலாம். டூவீலரைக் குடைந்துவிட்டுக் கையில் கிரீஸ் ஒட்டினால், நாலு சொட்டு ஆலிவ் எண்ணெய் விட்டுத் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும். எண்ணெயில்தான் எண்ணெய் கரையும். கிரேக்கர்கள் அழுக்கை எடுத்த சூட்சுமமும் இதுவேதான். பரு உள்ள முகத்தில் வேண்டாம். வெயிலுக்குப் போகுமுன் பூசிக்கொண்டு, அது வெயிலைத் தடுக்கும் என்று நம்ப வேண்டாம்.

டப்பா வாங்குகிறவர்கள் லேபிளையும் படிக்கலாம். 'எக்ஸ்ட்ரா வர்ஜின்' என்றால் பழத்தைப் பிழிந்து எடுத்தது. கட்டற்ற அமிலம் 0.8 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 'போமஸ்' என்றால் பிழிந்த சக்கையில் மிச்சமிருப்பதை ரசாயனம் போட்டு எடுத்துச் சுத்திகரித்தது. கிரீஸ் கைக்கு இரண்டாவதே ஏராளம். முதலாவதை, அந்த விலைக்கு, வயிற்றுக்குக் கொடுப்பது உத்தமம்.

நண்பரிடம் இவ்வளவையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். குளிக்கப் போகுமுன் கைகால்களுக்கு மட்டும் ஆலிவ் எண்ணெய், முகத்துப் பருவுக்கு டாக்டர் என்று முடிவாயிற்று.

நீங்களும் பூசுகிறவராக இருந்தால் மறக்காமல் வழித்தோ கழுவியோ எடுத்துவிடுங்கள். வழித்ததை யாராவது விலைக்குக் கேட்டால் அவசரப்பட்டுக் கொடுத்துவிட வேண்டாம்; 80,000-லிருந்து ஆரம்பிக்கவும்.